அலைக்கு முன்னால் ஓடும் செய்தி: நிலநடுக்க முன்னெச்சரிக்கை எப்படி வேலை செய்கிறது?

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. டோக்கியோவில் நாடாளுமன்ற மேலவைக் குழுவின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பிரதமர் நவோதோ கான் உட்கார்ந்திருந்தார். உறுப்பினர்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அதை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. பிற்பகல் 2 மணி 46 நிமிடம் தாண்டிய சில நொடிகளில் தொலைக்காட்சித் திரையில் ஒரு வரைபடம் வந்து விழுந்தது. கூடவே படபடவென்று மேலேறும் ஒரு மணியோசை, இரண்டு முறை. மியாகி கடலுக்கு அடியில் நிலநடுக்கம், பலத்த அதிர்வுக்கு எச்சரிக்கையாக இருங்கள் என்றது செய்தி. கூட்ட அறையில் பேச்சு நிற்கவில்லை, அங்கே இன்னும் எதுவும் அசையவில்லை. அறைக்குள்ளே சரவிளக்குகள் ஆடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பலத்த ஆட்டம் டோக்கியோவை எட்ட, எச்சரிக்கை வந்ததிலிருந்து ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆனது.

அந்த ஒரு நிமிடம் எங்கிருந்து கிடைத்தது? அதைப் புரிந்துகொண்டால் நிலநடுக்க முன்னெச்சரிக்கையின் பலமும் பலவீனமும் இரண்டுமே புரிந்துவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நிலநடுக்கம் இன்ன நாளில் இன்ன ஊரில் வரும் என்று குறித்துச் சொல்ல இன்றைக்கு உலகில் யாராலும் முடியாது. ‘நாளை மாலைக்குள் பெரிய பூகம்பம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலில் எந்த ஆய்வு நிலையத்தின் பெயர் ஒட்டியிருந்தாலும் நம்பாதீர்கள். முன்னெச்சரிக்கை என்பது வேறு. நிலத்துக்கடியில் எங்கோ ஓரிடத்தில் பாறை ஏற்கெனவே உடைந்துவிட்டது. அந்த அதிர்வு உங்கள் வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அது வருவதற்குள் செய்தி வந்துவிடுகிறது. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று கீழே இருக்கும் ஊருக்குத் தொலைபேசியில் தகவல் வருகிறது, தண்ணீர் பிறகு வருகிறது, இல்லையா? அதே கதைதான். ஆற்று வெள்ளம் வந்து சேர மணிக்கணக்கில் ஆகும், நிலநடுக்கத்துக்கு நொடிக்கணக்குதான்.

முதலில் வருவது ஒன்று, இடிப்பது இன்னொன்று

பாறை உடையும் இடத்திலிருந்து முக்கியமாக இரண்டு விதமான அலைகள் நிலத்துக்குள் கிளம்புகின்றன. முதலாவது பி அலை. ரயில் நிலையத்தில் நிற்கும் பெட்டிகளோடு எஞ்சின் வந்து முட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் பெட்டி இரண்டாவதை இடிக்கும், இரண்டாவது மூன்றாவதை இடிக்கும். அந்த இடி கடகடவென்று கடைசிப் பெட்டிவரை ஓடும். பி அலையும் அப்படித்தான் பாறையை அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு முன்னே போகிறது. இரண்டாவது எஸ் அலை. துவைத்த புடவையின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு உதறும்போது இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு ஒரு மேடு ஓடுமே, அதைப் போன்றது. துணி மேலும் கீழும் ஆடுகிறது, அலை நீளவாக்கில் ஓடுகிறது. தரையைப் பக்கவாட்டில் ஆட்டிக் கட்டடங்களைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்த எஸ் அலையும், அதன் பின்னால் தரைமட்டத்தை ஒட்டி உருண்டு வரும் மேற்பரப்பு அலைகளும்தான்.

பி அலை நொடிக்கு 6 முதல் 7 கிலோமீட்டர் ஓடும். எஸ் அலை நொடிக்கு 3.5 முதல் 4 கிலோமீட்டர். ஆக, சேதம் குறைவாகச் செய்வது முதலில் வருகிறது, அடித்து நொறுக்குவது பின்னால் வருகிறது. இது இயற்கை நமக்குக் கொடுத்திருக்கும் சலுகை. மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணி, இடி கேட்கும்போது தூரத்தைக் கணக்குப் போடுவோம் அல்லவா? இங்கேயும் அதே கணக்கு உண்டு. முதல் குலுங்கலுக்கும் பெரிய ஆட்டத்துக்கும் நடுவே எத்தனை நொடி என்று எண்ணி எட்டால் பெருக்கினால், பாறை உடைந்த மையம் ஏறத்தாழ எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று தெரியும். பத்து நொடி என்றால் 80 கிலோமீட்டர்.

இதோடு இன்னொரு வேகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கம்பியிலும் காற்றிலும் போகும் மின்சைகை ஒளியின் வேகத்துக்கு அருகில் ஓடுகிறது. அதன் முன்னால் பி அலையே நத்தை. எனவே மையத்துக்குப் பக்கத்தில் ஒரு நிலஅதிர்வுமானியை வைத்து, பி அலை தொட்டதுமே அது மையக் கணினிக்குச் சொல்லி, கணினி தூரத்து ஊர்களுக்குச் சொல்லிவிட்டால், எஸ் அலை வருவதற்குள் அந்த ஊர்க்காரர்கள் உஷாராகிவிடலாம். இந்த யோசனை கணினி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. 1868-ல் சான் பிரான்சிஸ்கோ அருகே பெரிய நிலநடுக்கம் வந்த சில நாட்களில், ஜே.டி. கூப்பர் என்ற மருத்துவர் அந்த ஊர்ப் பத்திரிகையில் இதை எழுதினார்: ஊரைச் சுற்றித் தொலைவில் கருவிகளை வைப்போம், நிலம் அசைந்ததும் தந்திக் கம்பி வழியாக நகர மன்றத்து மணி அடிக்கட்டும் என்று. அன்று யாரும் செய்து பார்க்கவில்லை. ஆனால் இன்றைக்கு இயங்கும் எல்லா அமைப்புகளின் எலும்புக்கூடும் அதுதான்.

அந்த நாளின் நொடிக்கணக்கு

மார்ச் 11-ஐ நொடி நொடியாகப் பார்ப்போம். பூமியின் மேலோட்டுத் துண்டுகளில் ஒன்றான பசிபிக் நிலத்தட்டு ஆண்டுக்கு எட்டு சென்டிமீட்டர் போல மேற்கே நகர்ந்து ஜப்பானுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. நகம் வளர்வதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம், அவ்வளவே. ஆனால் அது வழுக்கிக்கொண்டு நுழைவதில்லை. மேலே இருக்கும் தட்டோடு சிக்கிக்கொண்டு, அதையும் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகக் கீழே இழுத்து வளைத்து வைத்திருந்தது. அந்தப் பிடி 2 மணி 46 நிமிடம் 18-வது நொடியில், மியாகி மாநிலத்தின் ஓஷிகா தீபகற்பத்துக்குக் கிழக்கே 130 கிலோமீட்டரில், கடலுக்கடியில் 24 கிலோமீட்டர் ஆழத்தில் விட்டுப்போனது.

பி அலை கரைக்கு வர 22 நொடி ஆனது. 40-வது நொடியில் இஷினோமாகி பகுதியில் கடலோரத்தில் இருந்த நிலஅதிர்வுமானி அதைப் பிடித்தது. அதிலிருந்து 8.6 நொடியில் ஜப்பான் வானிலை முகமையின் கணினிகள் பொதுமக்களுக்கான எச்சரிக்கையை வெளியிட்டன. எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடவில்லை, யாரும் யாரையும் கேட்கவில்லை; அவ்வளவு நேரம் அங்கே கிடையாது. தொலைக்காட்சி, வானொலி, கைபேசி எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் அலறியது. அதே மியாகியில் உள்ள சென்டாய் நகரத்துக்கு எஸ் அலை வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு சுமார் 15 நொடி கழித்து.

15 நொடியில் என்ன செய்ய முடியும்? உங்கள் வீட்டில் இப்போதே எண்ணிப் பாருங்கள். அடுப்படியிலிருந்து கூடத்து மேசைக்கடியில் போய்ப் புகுந்துகொள்ள ஐந்து நொடி போதும். ஐந்தாவது மாடியிலிருந்து தெருவுக்கு இறங்கப் போதாது. இறங்க முயன்றால் படிக்கட்டின் நடுவில் ஆட்டம் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஜப்பானில் ‘வெளியே ஓடு’ என்று சொல்லிக்கொடுப்பதில்லை. இருக்கும் இடத்திலேயே தலையைக் காப்பாற்று என்பதுதான் பாடம். பல தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளின் நாற்காலியில் ஒரு பஞ்சு மெத்தை இருக்கும். மற்ற நாளெல்லாம் அது உட்காருவதற்கு. மணி அடித்ததும் அதை எடுத்து விரித்துத் தலையில் மாட்டினால் தோள்வரை மூடும் முக்காடாகிவிடும். போசாய் சுகின் என்று பெயர். ஆறு வயதுக் குழந்தை யாரும் சொல்லாமலே அதை மாட்டிக்கொண்டு மேசைக்கால்களைப் பிடித்துக்கொள்ளும். மேசை நகர்ந்து போய்விடக் கூடாதே!

சமையலறை விஷயத்திலும் பழைய பாடம் ஒன்று மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஆட்டம் வந்தால் முதலில் அடுப்பை அணை என்பார்கள். இப்போது ஜப்பானிய வீடுகளின் எரிவாயு மீட்டர் பலத்த அதிர்வை உணர்ந்ததும் தானாகவே வாயுவை நிறுத்திவிடுகிறது. கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் போகாமல் விலகி நில் என்பதுதான் இப்போதைய அறிவுரை.

மனிதரைவிட இயந்திரங்கள் இந்த நொடிகளை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. வடகிழக்கு ஜப்பானுக்குப் போகும் தொஹோகு புல்லட் ரயில் பாதைக்கென்று கடலோரத்தில் தனி நிலஅதிர்வுமானிகள் உண்டு. அவை அதிர்வைப் பிடித்ததும் பாதையின் மின்சாரம் அறுபடும். மின்சாரம் போனதுமே ரயிலில் அவசர பிரேக் விழும். ஓட்டுநர் முடிவெடுக்கக் காத்திருப்பதில்லை. அன்று பயணிகளோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு புல்லட் ரயில்கூடத் தடம்புரளவில்லை. சென்டாய் அருகே பயணிகள் இல்லாமல் சோதனை ஓட்டத்தில் இருந்த ஒன்று மட்டும் தண்டவாளத்தை விட்டு விலகியது. லிஃப்ட்டுகள் பலவும் இதே போலப் பக்கத்துத் தளத்தில் நின்று கதவைத் திறந்துவிடும்.

ரிக்டரும் ஷிண்டோவும்

செய்தித்தாளில் ‘ரிக்டர் அளவுகோலில் 9’ என்று படிக்கிறோம். (பெரிய நிலநடுக்கங்களுக்கு இப்போது வேறோர் அளவு முறை வந்துவிட்டது, பெயர் மட்டும் நம் பேச்சில் நிலைத்துவிட்டது.) அந்த எண் சொல்வது உடைப்பு எவ்வளவு பெரியது என்பதை. உங்கள் தெரு எவ்வளவு ஆடும் என்பதை அது சொல்லாது. கோயில் திருவிழாவில் கட்டிய ஒலிபெருக்கி ஒன்றுதான். கோயில் வாசலில் காது கிழிகிறது, நாலு தெரு தள்ளி இனிமையாகக் கேட்கிறது. ஒலிபெருக்கியின் சக்தி ஒரு கணக்கு, உங்கள் வீட்டில் கேட்கும் சத்தம் வேறு கணக்கு. ஜப்பானியர்கள் இந்த இரண்டாவதுக்கு ஷிண்டோ என்ற தனி அளவு வைத்திருக்கிறார்கள். 0-வில் தொடங்கி 7-ல் முடியும். மார்ச் 11 அன்று மியாகியின் குரிஹாராவில் 7 பதிவானது. எச்சரிக்கை மணி அடிக்கலாமா என்று கணினி முடிவு செய்வதும் எதிர்பார்க்கப்படும் ஷிண்டோவை வைத்துத்தான்.

மண்ணின் குணத்தையும் இங்கே பார்க்க வேண்டும். டோக்கியோ விரிகுடாவில் கடலைத் தூர்த்து உருவாக்கிய உராயாசு நகரில் மணல் குழம்பாகி, வீடுகள் சாய்ந்தன, சாக்கடை மூடிகள் தரைக்கு மேலே முளைத்து நின்றன. அதைவிட வியப்பு ஒசாகாவில். மையத்திலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஊர். தரையில் நடந்து போனவர்களுக்கு லேசாகத் தெரிந்த அதிர்வு. அங்கே சாகிஷிமாவில் இருக்கும் 256 மீட்டர் உயர அரசுக் கட்டடத்தின் உச்சியோ இரு பக்கமும் ஒரு மீட்டருக்கு மேல், ஏறத்தாழ பத்து நிமிடம் ஊசலாடியது. தூரம் போகப் போக வேகமான குலுங்கல்கள் அடங்கிவிடும். மெதுவான நீண்ட ஆட்டங்கள் மிஞ்சும். ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறு பிள்ளை தள்ளினாலும் உயரப் போகுமே, அப்படி உயர்ந்த கட்டடத்தின் தாளமும் அந்த மெதுவான அலையின் தாளமும் ஒன்றிவிட்டன. 2023 முதல் ஜப்பானின் எச்சரிக்கையில் இந்த நீண்ட ஆட்டமும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

எங்கே தவறியது

இனிச் சொல்லப்போவதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது.

8.6 நொடியில் எச்சரிக்கை போனது என்றேன். அந்த நேரத்தில் கணினி மதிப்பிட்ட அளவு 7.2. உண்மையான அளவு 9.0. கருவி பொய் சொல்லவில்லை. நீளமான வேட்டியைக் கிழிக்கும்போது முதல் சாணைப் பார்த்து மொத்தக் கிழிசல் எத்தனை முழம் என்று யாரால் சொல்ல முடியும்? அன்று உடைந்த பகுதி 500 கிலோமீட்டர் நீளம், 200 கிலோமீட்டர் அகலம். முழுதும் கிழிந்து முடிய இரண்டரை, மூன்று நிமிடம் ஆனது. கணினி மதிப்பிட்டபோது கிழிசல் முடியவில்லை. இதனால் டோக்கியோ வட்டாரம் முழுவதும் அந்த எச்சரிக்கையின் பட்டியலிலேயே இல்லை. என்.எச்.கே. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தப்பித்தவறித் தெரிந்துகொண்டார்கள்.

அதிர்வு எச்சரிக்கையில் இந்தத் தவறு பெரிய உயிர்ச்சேதம் செய்யவில்லை. சுனாமி எச்சரிக்கையில் செய்தது. நிலநடுக்கம் தொடங்கிய மூன்றே நிமிடத்தில், 2.49-க்கு, சுனாமி எச்சரிக்கை வந்தது. அது மிக விரைவுதான். ஆனால் 7.9 என்ற முதல் மதிப்பீட்டை வைத்து வந்தது. 7.9-க்கும் 9.0-க்கும் எண்ணில் வித்தியாசம் சிறியதாகத் தெரியும்; வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 45 மடங்கு. மியாகிக்கு 6 மீட்டர், பக்கத்து மாநிலங்களான இவாத்தேக்கும் ஃபுகுஷிமாவுக்கும் 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள். மூன்று மீட்டர் என்றால் நம் தடுப்புச் சுவர் தாங்கிக்கொள்ளும் என்று நினைத்து வீட்டிலேயே இருந்தவர்கள் உண்டு. 3.14-க்கு எண்ணைக் கூட்டினார்கள், 3.30-க்கு மறுபடி கூட்டினார்கள். அதற்குள் கரையோர ஊர்களில் மின்சாரம் போய்விட்டது. புதிய எண் பலருடைய காதுக்குப் போகவேயில்லை. சில இடங்களில் தண்ணீர் மலைச்சரிவில் 40 மீட்டர் உயரம்வரை ஏறியது. இறந்தவர்கள் 15,900 பேருக்கு அருகில், இன்னும் கிடைக்காதவர்கள் சுமார் 2,500 பேர். இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நீரில் மூழ்கியவர்கள். ஃபுகுஷிமா அணு உலைகளும் அதிர்வை உணர்ந்ததும் தாமாகவே நின்றுவிட்டன. பிறகு வந்த அலைதான் குளிரூட்டும் மின்சாரத்தை அழித்து, உலைகளை உருகவிட்டது.

சுனாமி என்றதும் நமக்கு 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வராமல் இருக்காது. சுமத்ராவில் காலையில் நிலம் உடைந்த பிறகு நாகப்பட்டினத்துக்கு அலை வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. சென்னையில் பலர் அந்த அதிர்வை உணர்ந்தும் இருந்தார்கள். ஆனால் அன்றைக்கு இந்தியப் பெருங்கடலில் சுனாமி எச்சரிக்கை அமைப்பே இல்லை. ஹைதராபாதில் அதற்கான மையம் 2007-ல்தான் இயங்கத் தொடங்கியது. ஜப்பானுக்கு அரை மணி நேரமும் ஒரு தவறான எண்ணும் இருந்தன. நமக்கு இரண்டு மணி நேரம் இருந்தும் சொல்வதற்கு ஆளில்லை. இதை எழுதும்போது இப்போதும் மனம் ஆறவில்லை.

அமைப்புக்கு வேறு குறைகளும் உண்டு. மையத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை கிடைக்காது. பி அலையும் எஸ் அலையும் கிட்டத்தட்டச் சேர்ந்தே வந்துவிடும், கணக்குப் போட நேரமில்லை. 1995-ல் கோபே நகரத்தின் காலடியிலேயே நிலம் பிளந்தபோது, விடியற்காலை 5.46-க்கு, இன்றைய கருவிகள் இருந்திருந்தாலும் நகரத்தின் நடுவில் இருந்தவர்களுக்குப் பெரிதாக உதவியிருக்காது. அங்கே 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலோர் பழைய மரவீடுகளுக்கு அடியில் நசுங்கி. அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது உறுதியான சுவர்தான். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் நிலஅதிர்வுமானிகளை நட்டது இந்தத் துயரத்துக்குப் பிறகே. பொதுமக்களுக்கான எச்சரிக்கை 2007 அக்டோபரில் தொடங்கியது.

பொய் எச்சரிக்கையும் வரும். 2013 ஆகஸ்டில் நாரா, ஒசாகா வட்டாரத்தில் மிகப் பெரிய நிலநடுக்கம் என்று கைபேசிகள் அலறின, ரயில்கள் நின்றன. கடலடிக் கருவி ஒன்றின் இரைச்சலையும் வகாயாமாவில் வந்த சின்னஞ்சிறு அதிர்வையும் கணினி ஒன்றாகச் சேர்த்துவிட்டது. வானிலை முகமை மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. பொய் எச்சரிக்கைக்குப் பயந்து மூன்று, நான்கு நிலையங்கள் உறுதி செய்யும்வரை காத்திருந்தால் உள்ள நொடிகளும் போய்விடும். அவசரப்பட்டால் தவறு வரும், பொறுத்தால் நேரம் போகும். இந்த இழுபறிக்கு முழுத் தீர்வு கிடையாது என்றே நினைக்கிறேன். சும்மா ஒருமுறை மேசைக்கடியில் போய் உட்கார்ந்து எழுவதில் நட்டமும் இல்லை.

தூரம் தந்த வரம்

மெக்சிகோவின் கதை வேறு. 1985 செப்டம்பர் 19-ல் பசிபிக் கரையில் வந்த நிலநடுக்கம், 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த மெக்சிகோ நகரத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அந்த நகரம் பழைய ஏரிப் படுகையின் மேல் நிற்கிறது. ஏரிக் களிமண் இரண்டு நொடித் தாளத்தில் ஆடி, அதே தாளம் கொண்ட நடுத்தர உயரக் கட்டடங்களைத் தேடித் தேடி விழுத்தியது. ஆனால் அதே தூரத்தில் ஒரு வழியும் இருந்தது. கெரெரோ கடற்கரையில் 12 கருவிகளை வரிசையாக நட்டார்கள். கரை ஆடியதும் தலைநகரத்தில் மணி. எஸ் அலை வர ஒரு நிமிடம் போல ஆகும். பொதுமக்களுக்கு அறிவிக்கும் அமைப்பாக 1993-ல் இயங்கத் தொடங்கியது.

2017 செப்டம்பரில் அந்த அமைப்பின் இரண்டு முகங்களும் இரண்டு வாரத்துக்குள் தெரிந்தன. 7-ம் தேதி தெற்கே தெஹுவாந்தெபெக் கரையில் 8.2 அளவில் வந்தபோது தலைநகரத்துக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் கிடைத்தது. 19-ம் தேதி, 1985-ன் நினைவு நாள். காலை 11 மணிக்கு நகரம் முழுவதும் ஒத்திகை நடந்தது. இரண்டு மணி நேரம் கழித்து 1.14-க்கு உண்மையிலேயே வந்தது, இந்த முறை வெறும் 120 கிலோமீட்டர் தூரத்தில், உள்நாட்டுக்குள். மணி அடித்தபோது பல இடங்களில் தரை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது.

கருவிகளை நிறைய நட வசதியில்லாத நாடுகளுக்கு இப்போது கைபேசியே கருவியாகிவிட்டது. திரையைத் திருப்பினால் படம் தானாகத் திரும்புகிறதே, அதற்காக உள்ளே இருக்கும் அசைவு உணரி நிலத்தின் அதிர்வையும் உணரும். ஒரு கைபேசி ஆடினால் மேசையிலிருந்து விழுந்திருக்கலாம். ஒரே வட்டாரத்தில் ஆயிரம் கைபேசிகள் ஒரே சமயத்தில் ஆடினால் அது நிலநடுக்கம். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் கூகுள் செய்வது இதுதான். இந்தியாவில் 2023-ல் வந்தது. உங்கள் கைபேசியின் அமைப்புகளில் பாதுகாப்பு, அவசரநிலை என்ற பகுதிக்குள் போய் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு பள்ளிகள்

மறுபடி மார்ச் 11-க்கு வருகிறேன். இவாத்தே மாநிலத்தில் காமாய்ஷி என்ற ஊர். பேரிடர் ஆய்வாளரான பேராசிரியர் தோஷிதாகா காதாதா சில ஆண்டுகளாக அந்த ஊர்ப் பள்ளிகளில் மூன்று விஷயம் கற்பித்து வந்தார்: வரைபடத்தில் போட்டிருக்கும் கணிப்பை அப்படியே நம்பாதே; உன்னால் முடிந்த முழு முயற்சியையும் செய்; தப்பி ஓடுவதில் நீ முதல் ஆளாக இரு. ஆட்டம் நின்றதும் உனோசுமாய் பகுதியின் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓட ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் மூன்றாவது மாடிக்கு ஏறியிருந்தார்கள். பெரிய பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து இறங்கி அவர்களோடு சேர்ந்தார்கள். குறித்து வைத்த புகலிடத்தை அடைந்தபோது பின்னால் இருந்த குன்று சரிந்துகொண்டிருந்தது. இங்கே நிற்க வேண்டாம் என்று பெரிய பிள்ளைகள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே ஏறினார்கள். தண்ணீர் அந்தப் பள்ளிகளையும் அவர்கள் முதலில் நின்ற இடத்தையும் மூடியது. ஊரில் சுமார் ஆயிரம் பேர் மாண்டுபோனார்கள். ஏறத்தாழ மூவாயிரம் பள்ளிப் பிள்ளைகளில் மிகச் சிலரைத் தவிர எல்லோரும் பிழைத்தார்கள்.

இஷினோமாகியில் கிதாகாமி ஆற்றங்கரையில் ஒக்காவா தொடக்கப் பள்ளி. கடலிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. எச்சரிக்கை கேட்டது, பிள்ளைகளை விளையாட்டுத் திடலில் வரிசையாக நிறுத்தினார்கள். எங்கே போவது என்று முடிவாகாமல் ஏறத்தாழ 50 நிமிடம் அங்கேயே போனது. 108 பிள்ளைகளில் 74 பேரும் ஆசிரியர்கள் 10 பேரும் திரும்பவில்லை. இந்தக் குழந்தைகளுக்குக் குறைவாக இருந்தது நேரமல்ல. எங்கே ஓடுவது என்ற முடிவை ஒரு சாதாரண நாளில் யாரோ எடுத்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பள்ளிக் கட்டடத்தின் சிதைவை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

இதன் பிறகு ஜப்பான் பல விஷயங்களை மாற்றியது. கடலடியில் 150 நிலையங்களை 5,500 கிலோமீட்டருக்கும் அதிகமான கேபிளால் கோத்து, எஸ்-நெட் என்ற வலைப்பின்னலைப் போட்டார்கள். கரைக்கு அலை வரும்வரை காத்திருக்காமல் உடைப்பின் மேலேயே காது வைத்துக் கேட்கும் ஏற்பாடு. சில நிலநடுக்கங்களுக்கு 30 நொடிவரை கூடுதலாகக் கிடைக்கும். எண்ணை நம்பி ஏமாந்ததால், மாபெரும் நிலநடுக்கம் என்று சந்தேகம் வந்தால் முதல் சுனாமி எச்சரிக்கையில் மீட்டர் கணக்கே சொல்வதில்லை என்று 2013-ல் முடிவானது. ‘மிகப் பெரியது’ என்ற சொல் மட்டும். குரலையும் மாற்றினார்கள். 2011-ல் அறிவிப்பாளர்கள் பதற்றம் வரக் கூடாதென்று நிதானமாகப் பேசினார்கள். அந்த நிதானம் பலரை உட்காரவைத்துவிட்டது.

2024 புத்தாண்டு நாள், மாலை 4.10. நோட்டோ தீபகற்பத்தில் 7.6. சில கரைகளுக்கு அலை வர ஓரிரு நிமிடமே இருந்தது. என்.எச்.கே.-யின் பெண் அறிவிப்பாளர் செய்தி வாசிக்கவில்லை, கத்தினார். இப்போதே ஓடுங்கள், நிற்காதீர்கள், திரும்பிப் போகாதீர்கள், மார்ச் 11-ஐ நினைத்துக்கொள்ளுங்கள் என்று, தொண்டை கட்டும் அளவுக்கு, திரும்பத் திரும்ப. திரையில் ஒரே ஒரு வரி, குழந்தைகளும் படிக்கும்படி எளிய எழுத்தில், திரை கொள்ளும் அளவுக்குப் பெரிதாக: “சுனாமி! ஓடுங்கள்!”